மாலையும் பொன்னாடையும் நீங்கலாக

எங்கள் குடும்பத்தில் யாரும் பேரம் பேசியதில்லை. காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் சரி, பெண்ணுக்கு நகை எடுத்தாலும் சரி, சொல்கிற விலை நியாயமாகப் பட்டால் வாங்குவோம். படாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வருவோம். என் அப்பா அப்படித்தான் இருந்தார். கைலாசபுரத்தில் ஆலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஸ்ரீரங்கத்தில் அடுக்ககத்தில் குடியிருக்கும் நானும் அப்படித்தான் இருக்கிறேன். இந்தக் கொள்கையால் இதுவரை ஒரு வீடு கட்டும் பணத்தை இழந்திருக்கிறோம் என்று என் மச்சினன் சித்தார்த்தன் கணக்குச் சொல்வான். அவன் தில்லை நகரில் மருத்துவமனைகளுக்குக் கட்டில் மெத்தை விற்கிறவன். ஆட்டோவில் ஏறும்போது ஒரு பேரம், இறங்கிய பிறகு ஒரு பேரம் பேசுவான். அவன் கணக்கை நான் சரிபார்த்ததில்லை.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு கேரவன் வாங்க வேண்டிய நிலை வந்தது.

கேரவன் என்றதும் எதிர்வீட்டுக்காரர், "யாரு சார் நடிக்கிறாங்க?" என்று கேட்டார். யாரும் நடிக்கவில்லை. என் மனைவி இருசம்மாளின் முழங்கால்கள் இரண்டும் மடங்க மறுத்து ஆறு வருடமாகிறது. முழங்கால் மடங்காதவர்கள் வெளியூர் போனால் எந்த இடத்தில் அதிகம் கஷ்டப்படுவார்கள் என்பதை மரியாதை கருதி விளக்காமல் விடுகிறேன். ஒருமுறை மதுரை போகும் வழியில், சாலையோர ஓட்டல் ஒன்றின் பின்பக்கம் போய்விட்டு வந்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, "வீட்டுக்குத் திருப்புங்க" என்றாள். திருப்பினேன். அதன் பிறகு அவள் கல்லணையைத் தாண்டவில்லை.

ஆனால் தனுஷ்கோடியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. யாரோ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் கடலாமேங்க, நடுவுல ரோடாமே" என்று வாரம் ஒருமுறையாவது சொல்வாள். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பெண் யாழினிதான் வழி சொன்னாள். நம் பழைய ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மாதிரி சின்ன வீடு ஒன்று விற்கிறது. உள்ளே கட்டில், அடுப்பு, நாற்காலி போல உட்காரும் கழிவறை எல்லாம் உண்டு. தொழிற்சாலை விலை என்ன, அதன்மேல் விற்கிறவருக்கு நியாயமான லாபம் என்ன என்பதையும் அவளே விசாரித்தாள். "ஒம்போது லட்சம் நியாய விலைப்பா. அதுக்கு மேல குடுக்கறதெல்லாம் அவங்க ஷோரூம் கண்ணாடிக்குக் குடுக்கறது" என்றாள்.

என்னிடம் ஒதுக்கி வைத்திருந்ததும் ஒன்பதுதான். மிச்சமிருப்பது இருசம்மாளின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு. அதில் கை வைக்க முடியாது.

திருவெறும்பூர் தாண்டி, தஞ்சாவூர் சாலையில் இருந்தது 'அகண்ட காவேரி கேரவன்ஸ்'. நாங்கள் வாசலில் கால் வைத்ததும் ஒரு வெண்கல மணியை அடித்தார்கள். உள்ளே இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டு எழுந்து கை தட்டினார்கள். எனக்கு ஒரு ரோஜா மாலை, ஒரு பொன்னாடை. இருசம்மாளுக்கு ஒரு மாலை. பிறகு எங்களை ஒரு வண்டி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நாங்கள் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை, விலைகூடக் கேட்கவில்லை.

மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறவனுக்கு மாலையின் அருமையும் அது யாருக்கு முதலில் விழுகிறது என்பதன் அருமையும் தெரியும். முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி நின்றுகொண்டேன்.

அனிஷா என்ற இளம்பெண் வந்து, தன்னை எங்களுடைய 'கனவு ஆலோசகர்' என்று அறிமுகம் செய்துகொண்டாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இருசம்மாளிடம், "சார் பேரு சொல்லுங்கம்மா" என்றாள்.

இருசம்மாள் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தாள். "அவங்க பேரா? அவங்ககிட்டயே கேட்டுக்க பாப்பா."

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாம என்ன. சொல்றதில்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும், மருத்துவமனையில் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள். கோயிலில் அர்ச்சனைக்கு என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு அர்ச்சகர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மிச்சத்தை அவராகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நான்தான் சொன்னேன்: "ராசப்பன்."

வண்டியைக் காட்டினார்கள். இருசம்மாள் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள், கட்டிலை அமுக்கிப் பார்த்தாள், அடுப்பைத் திருகினாள். கடைசியில் அந்தச் சின்ன அறைக்குள் போய், மூடியிருந்த இருக்கையின் மேல் உட்கார்ந்தாள். முழங்கால் முழுக்க மடங்க வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது, "இதுலயே போயிடலாங்க" என்றாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"விலை என்னம்மா?" என்று அனிஷாவிடம் கேட்டேன்.

அவள் பதறிவிட்டாள். "சார், அதுக்குள்ள கேக்காதீங்க சார். இப்ப நீங்க உறவுக் கட்டத்துல இருக்கீங்க. விலை வந்து நம்பிக்கைக் கட்டத்துலதான். அடுத்த வாரம் போன் பண்றோம்."

அடுத்த வாரம் போனோம். மணி, கைதட்டல், மாலை, பொன்னாடை. எங்கள் படத்தைப் பெரிதாக்கி, 'கனவுத் தம்பதி' என்று எழுதி வாசலில் மாட்டியிருந்தார்கள். விலை ஒரு வெள்ளித் தட்டில் வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே பட்டுத் துணி. துணியை என்னையே விலக்கச் சொன்னார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவன் போல நான் விலக்க, உள்ளே ஓர் அட்டையில் பதினொன்றரை லட்சம் என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது.

மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"அம்மா, இது உங்க நியாயமான விலையா?" என்று கேட்டேன்.

"இல்லங்க சார், இது ஆரம்ப விலை."

"அப்ப நியாயமான விலையை ஒரே தடவை சொல்லிடுங்க. ஒத்துவந்தா வாங்கிக்கிறேன்."

அனிஷாவின் முகத்தில் குழப்பம் வந்தது. "சார், நீங்க பேரம் பேசினாத்தான் அது வரும்."

"நாங்க பேரம் பேசறதில்லம்மா."

"கொஞ்சமாச்சும் சார்? 'என்னம்மா இது அநியாயமா இருக்கு'ன்னு ஒரு தடவை சொன்னாக்கூடப் போதும். நான் உள்ள போயி மேனேஜரைக் கேட்டுட்டு வந்துருவேன்."

"அநியாயமாத்தான் இருக்கு. ஆனா நான் சொல்லமாட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரங்களைக் கடந்தால் பெருமாள். இங்கே மூன்று கண்ணாடிக் கதவுகளைக் கடந்தால் மேலாளர். பெருமாளுக்காவது நடை திறக்கும் நேரம் எழுதிப் போட்டிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் நேந்திரங்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அனிஷா ஏதோ சொல்ல, அவர் வறுவலைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

திரும்பி வந்தவள், "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது சார்" என்றாள். "பேரம் பேசாத ஆளுக்குக் குறைச்சா ஆடிட்ல மாட்டிப்போம். ஆனா உங்கள மாதிரி கூச்சப்படறவங்களுக்காகவே எங்ககிட்ட ஒரு சேவை இருக்கு."

கூச்சம் இல்லை, கொள்கை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சேவை வந்துவிட்டது. அதன் பெயர் விக்டர். பதவி, பேரப் பிரதிநிதி. வாடிக்கையாளர் சார்பில் அந்த நிறுவனத்தோடு பேரம் பேச அந்த நிறுவனமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். அவர் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க சார், நான் இருக்கேன்" என்றார். பிறகு மேசையில் ஓங்கி அடித்தார்.

"என்னம்மா விலை இது? எங்க ஆளு யாருன்னு நெனச்ச? ஓய்வு பெற்ற மனுஷன்! சட்டையைப் பாரு, காலர் தேஞ்சு போச்சு!"

என் காலர் தேய்ந்திருக்கவில்லை.

"அந்த அம்மாவைப் பாரு! ரெண்டு முட்டியும் போச்சு! நடக்க முடியாது, உக்கார முடியாது, ஒதுங்க ஒரு எடம் கிடையாது..."

ஷோரூமில் இருந்த எல்லோரும் இருசம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க" என்றேன்.

விக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "நடுவுல பேசாதீங்க சார், உங்களுக்காகத்தான் அழுதுட்டிருக்கேன்" என்றார்.

அவர் அழுகையால் முப்பதாயிரம் குறைந்தது. அவருடைய சேவைக் கட்டணம் முப்பத்தைந்தாயிரம். "ஐயாயிரம் ஏறித்தானே இருக்கு?" என்று கேட்டேன். "அது அனுபவத்துக்கு சார்" என்றார். அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருசம்மாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். மணியை மறுபடியும் அடித்தார்கள்.

அன்று மாலை சித்தார்த்தன் போன் செய்தான். செய்தி எப்படியோ போயிருந்தது.

"மாமா, நான் வரட்டுமா? அரை மணி நேரத்துல ரெண்டரை லட்சம் தட்டித் தரேன். ஒரு கமிஷனும் வேணாம். அக்கா முன்னாடி 'எனக்குத் தெரியல மாப்பிள, நீ வந்து பேசு'ன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க."

"வேண்டாம்."

"அப்ப தனுஷ்கோடி?"

போனை வைத்துவிட்டேன். இருசம்மாள் அடுக்களையில் இருந்தாள். காதில் விழுந்திருக்கும். இரண்டாவது பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்தாள். முதலாவது ஏற்கெனவே கிரைண்டரை மூடியிருந்தது.

மூன்றாவது தடவை மேலாளரே கூப்பிட்டனுப்பினார். இதுவே கடைசி, ஒத்துவராவிட்டால் விட்டுவிடலாம் என்று வழியிலேயே இருசம்மாளிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

மணி, கைதட்டல், மாலை, பொன்னாடை, இந்தத் தடவை ஒரு கேக்கும் இருந்தது. மூன்று கண்ணாடிக் கதவுகளும் திறந்தன. மேலாளர் செந்தமிழன் எழுந்து நின்று கைகூப்பினார். பெயருக்கு ஏற்ற பேச்சு.

"ஐயா, தாங்கள் நியாய விலை கேட்டதாக அறிந்து என் உள்ளம் வருந்தியது. விலை என்பது வெறும் எண்ணா? அது ஓர் உணர்வு. முதல் நாளே நியாய விலையைச் சொல்லிவிட்டால் இந்த மூன்று கதவுகள் எதற்கு? தங்கை அனிஷா உள்ளேயும் வெளியேயும் நடப்பது எதற்கு? தம்பி விக்டர் அழுவது எதற்கு? இத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடாதா?"

"வண்டியோட விலையைத்தானே கேட்டேன்" என்றேன்.

அவர் புன்னகைத்தார். "இங்கேதான் எல்லோரும் தவறிவிடுகிறார்கள். நாங்கள் வண்டி விற்பதில்லை ஐயா. வண்டியைத் தொழிற்சாலையே செய்துவிடுகிறது. அதில் எங்கள் உழைப்பு என்ன இருக்கிறது? இந்த வாசலில் நுழையும் ஒரு சாமானியர், தன்னை ஒரு பெரிய மனிதராக உணர்கிறாரே, அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நாங்கள் விற்கிறோம். அதோடு வண்டியும் வருகிறது."

இருசம்மாள் அதுவரை மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, "அப்ப இந்த மாலைக்கெல்லாம் யாரு தம்பி காசு குடுக்கறது?" என்று கேட்டாள்.

"எல்லாம் தங்கள் ஆசி தாயே" என்றார் செந்தமிழன்.

"விலையிலயே சேத்துருக்கும்மா" என்றாள் அனிஷா. அவள் பொய் சொல்லிப் பழகாத பெண்.

என் தோளில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்தேன்.

"பொன்னாடைக்கும்?" என்று கேட்டேன்.

"அதுக்கும்தான் சார். மணி, கைதட்டல், வெள்ளித் தட்டு, போட்டோ, எல்லாமே 'ராஜ மரியாதைத் திட்டம்' சார்."

நான் எழுந்தேன். தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து, நான்காக மடித்து, மேசைமேல் வைத்தேன். மாலையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன்.

"வீட்ல இன்னும் ரெண்டு பொன்னாடை இருக்கு. ஒண்ணு கிரைண்டர் மேல கெடக்கு, துவைச்சுக் கொண்டாரேன். இதுங்களோட விலையைக் கழிச்சுடும்மா."

செந்தமிழனின் தமிழ் தடுமாறியது. "ஐயா, இப்ப நீங்க பேரம் பேசறீங்க!"

"இல்ல. நான் உங்க விலையைக் குறைக்கச் சொல்லல. எனக்கு வேண்டாத சாமானைத் திருப்பிக் குடுக்கறேன். எங்க குடும்பத்துல அதுக்குத் தடையில்ல."

அனிஷா கம்ப்யூட்டரைத் தட்டினாள். "சார், திருப்பி எடுக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்கு சார். இதுவரைக்கும் யாரும் அமுக்கினதில்ல." அமுக்கினாள். விலை குறைந்தது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெட்டாத கேக்கைத் திருப்பினேன். வண்டியை ஒப்படைக்கும்போது தருவதற்காகக் கதவு உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து வைத்திருந்தார்கள், அதையும் வேண்டாம் என்றேன். வாசலில் இருந்த 'கனவுத் தம்பதி' படத்தை இறக்கினார்கள். ஆணியைப் பிடுங்கும்போது சுவர்ப்பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. கைதட்டலை எப்படித் திருப்பி எடுப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் எல்லா ஊழியர்களும் வரிசையாக வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காமல் நின்றுவிட்டுப் போனால் போதும் என்று செந்தமிழன் தீர்ப்புச் சொன்னார். நின்றார்கள். மணிக்கும் அப்படியே. அதன் நாக்கில் ஒரு துணியைக் கட்டி, நான்கு தடவை சத்தமில்லாமல் ஆட்டினார்கள்.

பிறகு நாற்காலி. அதற்கும் விலை உண்டு என்று தெரிந்ததும் எழுந்து நின்றுகொண்டேன். இருசம்மாளும் எழப்போனாள்.

"நீ உக்காரு. அந்த நாற்காலிக்கு உண்டானதை நான் குடுத்துடறேன்."

"நிக்கறேங்க."

"உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தாள். குளிர்சாதனக் காற்றை என் பக்கமிருந்து திருப்பிவிட்டார்கள். நான் வியர்த்து நின்றேன். மாலையில்லை, பொன்னாடையில்லை, நாற்காலியில்லை. ஆனால் முதல் நாளைவிட முதுகு நிமிர்ந்துதான் நின்றேன் என்று நினைக்கிறேன்.

விலை ஒன்பது லட்சத்துப் பதினைந்தாயிரத்தில் வந்து நின்றது.

"இன்னும் ஏதாவது இருக்காம்மா?"

அனிஷா திரையைப் பார்த்துத் தயங்கினாள். "இன்னும் 'சார்' இருக்கு சார்."

"புரியலையே."

செந்தமிழன் விளக்கினார். ஊழியர்கள் வாடிக்கையாளரை சார் என்றும் ஐயா என்றும் அழைக்க மும்பையிலிருந்து ஒரு நிபுணர் வந்து பயிற்சி தருகிறாராம். அந்தச் செலவு ஒவ்வொரு வண்டியிலும் ஏறுகிறது. அதைக் கழிக்க வேண்டுமானால், இந்த வாடிக்கையாளருக்கு அந்தச் சேவை வழங்கப்படவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். மேசையில் ஒரு சின்ன ஒலிவாங்கி இருந்தது. வளாகத்துக்குள் யாராவது ஒருவர் என்னைப் பெயர் சொல்லி, வா போ என்று பேசுவது அதில் பதிவாக வேண்டும். பதிவானால் பதினைந்தாயிரம் குறையும். சரியாக ஒன்பது.

"கூப்பிடு அனிஷா" என்றார் செந்தமிழன்.

அனிஷா ஒலிவாங்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு பிரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. "என்னால முடியல சார். எங்கப்பா வயசு. வீட்ல தெரிஞ்சா வாயிலயே போடுவாங்க."

"நான் கூப்பிடறேன்" என்று கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து விக்டர் ஆர்வமாக வந்தார். "கட்டணம்கூட வேணாம். சும்மா ரெண்டு திட்டும் சேத்துத் தரேன்."

அவர் என் காலரைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாலையைக் கழற்றினேன், பரவாயில்லை. நின்றேன், பரவாயில்லை. அவையெல்லாம் அவர்கள் கொடுத்தவை. பெயர் அவர்கள் கொடுத்ததில்லை, என் அப்பா வைத்தது. அழுது காட்டிப் பிழைக்கிறவர் வாயில் அது விழுவதை என்னால் தாங்க முடியாது என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

"வேண்டாம்" என்றேன். "வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வா இருசு, போகலாம்."

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நடந்திருக்க மாட்டேன். முதல் கண்ணாடிக் கதவைத் திறந்தேன்.

"ராசப்பா."

யார் கூப்பிட்டது என்று எனக்கு விளங்கவில்லை. தெரிந்த குரல், தெரிந்த பெயர். இரண்டையும் சேர்த்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பினேன். இருசம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையில் கை ஊன்றி, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. முந்தானையால் வாயைப் பாதி மூடியிருந்தாள். ஆனால் குரல் கணீரென்று வந்தது.

"எங்கடா போற, ராசப்பா? வந்து கையெழுத்தப் போடு. எனக்குக் கடலப் பாக்கணும்."

செந்தமிழனும் விக்டரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அனிஷா கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றொரு கையால் பட்டனை அமுக்கினாள். திரையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"ஏத்துக்கிச்சு" என்றாள்.

"அம்மா ஊழியர் இல்லையே" என்று செந்தமிழன் மெல்ல முனகினார்.

"வளாகத்துக்குள்ள யாராவதுன்னுதான் சார் சொன்னீங்க. அதுவும் பதிவாயிருக்கு" என்றாள் அனிஷா.

நான் வந்து கையெழுத்துப் போட்டேன். நின்றுகொண்டேதான். யாரும் கை தட்டவில்லை, மணியும் அடிக்கவில்லை. வெளியே வந்தபோது வாசல் காவலாளி பழக்கத்தில் ஒரு சல்யூட் அடித்துவிட்டார். நான் பதறிப்போய் அனிஷாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே, அதற்குக் காசில்லை என்று தலையாட்டினாள்.

இரவு சித்தார்த்தன் கூப்பிட்டான். "எவ்வளவுக்கு முடிஞ்சுது மாமா?"

"ஒம்போது."

"நீங்களா பேசினீங்க?"

"நான் ஒரு வார்த்தை பேசல. உங்கக்கா பேசினா."

"அக்காவா? என்ன சொன்னா?"

"அது குடும்ப விஷயம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டில் அவள் மறுபடியும் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டாள். நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. பொன்னாடைகளைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிரைண்டர் இப்போது பழைய துண்டோடு இருக்கிறது.

அடுத்த மாதம் தனுஷ்கோடி போனோம். வழியில் அவளுக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். வண்டிக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ராணியைப் போல முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அந்த மரியாதைக்கு நாங்கள் கட்டணம் கட்டவில்லை.

சாலை முடிகிற இடத்தில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் கடல்தான், படத்தில் இருந்தது போலவே. நான் வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல இறங்கிப் போய், தண்ணீரில் நின்றாள். அலை வந்து முழங்கால் வரை நனைத்தது.

"ராசப்பா" என்று கூப்பிட்டாள்.

எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தேன். காற்றும் மணலும் தவிர அருகில் யாரும் இல்லை. கிட்டே போய், "இங்க எதுக்கு இருசு? இங்க யாரும் விலையைக் குறைக்கப் போறதில்லையே" என்றேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சும்மாதான்."